பழைய கார் இழுக்கவில்லையா? சென்சாரை மாற்றுவதற்கு முன் ஒரு நிமிஷம்!

ஆனி மாதக் காலை. தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம். திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரியில் ஆச்சிக்கு 10 மணிக்கு அப்பாயின்ட்மென்ட். எங்களுக்கு முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

எதிரே ரோடு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அப்பா வலது பக்கம் ஏறினார். மூன்றாவது கியர். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தார். வழக்கமாக அந்த இடத்தில் டர்போ சத்தத்தோடு வண்டி பாயும். அன்றைக்குப் பாயவில்லை. யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பதுபோல அப்படியே நின்றது வேகம். லாரியின் பாதி நீளத்தைத் தாண்டியிருப்போம். எதிரே வளைவில் ஒரு பஸ் தெரிந்தது.

லாரி டிரைவர் பிரேக் போட்டார். அந்த நல்ல மனசால்தான் நாங்கள் இடதுபக்கம் ஒதுங்க முடிந்தது. ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா ஸ்டீயரிங்கிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டி இழுக்க மாட்டேங்கு மக்கா" என்றார். ஆச்சி மட்டும், "மெதுவாப் போவம்பிலே, கண்ணு எங்கயும் ஓடிராது" என்றாள்.

அப்பாவுக்கு வடசேரியில் சின்னதாக ஒரு ஸ்டேஷனரி கடை. அவருடைய கார் 2011-ல் வாங்கிய டிஎன்-74 டீசல் ஹேட்ச்பேக். 1.3 லிட்டர் இன்ஜின். அடுத்த சில மாதங்களில் 15 வருஷம் முடிகிறது. ஆர்.சி-யைப் புதுப்பித்து இன்னும் ஐந்து வருஷம் ஓட்டுவதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் இது. அன்று இரவே அப்பா சொல்லிவிட்டார், "வேற வண்டி பாத்துரலாம்."

விற்கவில்லை. வண்டி இப்போதும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. நடுவில் நடந்ததைச் சொன்னால் பழைய கார் வைத்திருக்கும் பலருக்கு உபயோகமாக இருக்கும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஸ்கேனர் சொன்னது ஒன்று, கடைக்காரர் செய்தது ஒன்று!

மறுநாள் நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டோம். ஸ்கேனரை மாட்டினார்கள். திரையில் பி0101 என்று ஒரு கோடு வந்தது. "ஏர்ஃப்ளோ சென்சார் போச்சு. மாத்தணும்" என்றார்கள். கம்பெனி சென்சார் வர இரண்டு நாள் ஆகும், விலையும் அதிகம். அதேபோல இன்னொன்று கையில் இருக்கிறது, விலை பாதிகூட இல்லை என்றார்கள். அப்பா 'சரி' என்றார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

வண்டி கொஞ்சம் இழுத்தது உண்மை. ஆனால், இரண்டாவது நாளே பின்னால் வந்த பைக்காரர் ஹார்ன் அடித்துக் கையைக் காட்டினார். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் கருமையாகப் புகை. அதுவரை ஒருநாளும் எங்கள் வண்டி அப்படிப் புகைந்ததில்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது, "அப்போ டர்போ, இன்ஜெக்டர் எல்லாம் இறக்கிப் பாக்கணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையில் பாதி விலைக்குக்கூட அந்த வண்டி போகாது.

அப்படி என்ன செய்கிறது இந்தச் சென்சார்?

பானெட்டைத் திறந்தால் கறுப்புநிறப் பெட்டி ஒன்று தெரியும். அதுதான் ஏர் ஃபில்டர் பெட்டி. அதிலிருந்து இன்ஜின் பக்கம் போகும் தடித்த குழாயின் தொடக்கத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும். அதிலிருந்து நான்கைந்து வயர் கிளம்பிப் போகும். அதுதான் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். மெக்கானிக்குகள் 'மாஃப் சென்சார்' என்பார்கள்.

இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று எடை போட்டுச் சொல்வதுதான் அதன் வேலை. காற்றுக்கு எடையா என்று கேட்காதீர்கள். பெட்ரோல் இன்ஜினில் ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து முடிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று தேவை. உள்ளே வரும் காற்று எவ்வளவு என்று தெரிந்தால்தான், எவ்வளவு எரிபொருள் தெளிப்பது என்று காரின் கம்ப்யூட்டர் முடிவெடுக்க முடியும். அந்தக் கம்ப்யூட்டரைத்தான் ஈசியூ என்கிறோம்.

சரி, காற்றை எப்படி எடை போடுகிறது? சூடான கட்டஞ்சாயாவை ஃபேனுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். சீக்கிரம் ஆறிவிடும். ஃபேன் வேகம் கூடக் கூட இன்னும் சீக்கிரம் ஆறும். அதே சூட்டில் வைத்திருக்க வேண்டுமென்றால் அடியில் அடுப்பைக் கூட்டி வைக்க வேண்டும். சென்சாரின் உள்ளே மெல்லிய கம்பியோ தகடோ இருக்கிறது. மின்சாரத்தால் அது எப்போதும் சூடாகவே வைக்கப்படுகிறது. காற்று அதிகம் வீசினால் அது ஆறப்பார்க்கும். ஆறாமல் இருக்க அதிக மின்சாரம் வேண்டும். எவ்வளவு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்பட்டது என்பதை வைத்து எவ்வளவு காற்று போனது என்று கண்டுபிடிக்கிறார்கள். அவ்வளவுதான் சூட்சுமம்.

முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றாலைகளின் தலையில் காற்றின் வேகத்தை அளக்க ஒரு கருவி இருக்கும். அது சொல்வதை வைத்துத்தான் காற்றாலை இயங்கலாமா, நிற்கலாமா என்று முடிவெடுக்கிறது. அதன் குட்டித் தம்பிதான் நம் காருக்குள் இருப்பது.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1970-களில் எல்-ஜெட்ரானிக் என்ற எரிபொருள் அமைப்பைக் கொண்டுவந்தது. அந்த 'எல்', 'லுஃப்ட்' என்ற ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. லுஃப்ட் என்றால் காற்று. அப்போது காற்று தள்ளும் ஒரு சின்னக் கதவுதான் அளவுகோல். 1980-களில் சூடான கம்பி வந்தது. பிறகு அதைவிடச் சிறிய தகடு வந்தது.

உங்கள் காரில் இது இருக்கிறதா?

இதை முதலில் பார்த்துவிடுங்கள். எல்லா காரிலும் இந்தச் சென்சார் கிடையாது.

கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசடர், பழைய மாருதி 800 ஆகியவற்றில் கிடையாது. எம்பிஎஃப்ஐ வந்த பிறகும் மாருதி 800, ஆல்டோ போன்ற சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இதற்குப் பதில் 'மேப் சென்சார்' என்ற வேறொன்றுதான் இருக்கும். அது காற்றின் அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து காற்றின் அளவைக் கணக்கிடுகிறது. அந்த வண்டிக்கு யாராவது "மாஃப் மாத்தணும்" என்றால், பொருளை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

காமன் ரெயில் டீசல் கார்கள் பலவற்றில் இது உண்டு. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று பல கார்களில் ஓடிய 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் நம் ஊரில் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதனால் அந்த இன்ஜின் இருக்கும் மாருதி கார்கள் எல்லாமே இப்போது பழைய கார்கள்தான்.

சென்சார் கெட்டால் வண்டி எப்படி நடந்துகொள்ளும்?

சென்சார் பழுது என்றால் அது ஒரேயடியாகச் செத்துப்போவது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் தப்பாகக் கணக்குச் சொல்ல ஆரம்பிக்கும். குறைவாகச் சொல்லலாம், கூடுதலாகவும் சொல்லலாம். இரண்டுக்கும் அறிகுறி வேறு.

தகட்டின் மேல் தூசு படிந்தால் காற்று அதைச் சரியாகத் தொடாது. ஆறுவது குறையும். "காற்று கொஞ்சம்தான் வருது" என்று சென்சார் சொல்லும். டீசல் காராக இருந்தால், காற்று இல்லாமல் டீசலை ஊற்றினால் புகையும் என்று ஈசியூ டீசலைக் குறைத்துவிடும். புகை இருக்காது. ஆனால், ஏற்றத்திலும் ஓவர்டேக்கிலும் இழுக்காது. அன்று தோவாளை ரோட்டில் எங்களுக்கு நடந்தது இதுதான்.

பெட்ரோல் காராக இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும். ஐடிலிங்கில் ஆர்.பி.எம் முள் மேலும் கீழும் ஆடும். சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும். கிளம்பும்போது ஜெர்க் அடிக்கும்.

மாறாக, "காற்று நிறைய வருது" என்று சென்சார் பொய் சொன்னால், டீசல் காரில் கறும்புகை. பெட்ரோல் காரில் பெட்ரோல் நாற்றம், பிளக்கில் கரி, மைலேஜ் அடி. அந்த மலிவு சென்சாரை மாட்டிய பிறகு எங்கள் வண்டி புகைந்ததற்குக் காரணம் இதுதான். ஒரே வடிவத்தில் இருந்தாலே ஒரே கணக்கைச் சொல்லும் என்று அர்த்தமில்லை.

இன்னொரு விஷயம். சென்சார் சரியாகவே இருக்கும். ஆனால், அதைத் தாண்டி டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கும். சென்சார் எண்ணிய காற்று வழியிலேயே வெளியே போய்விடும். இழுவை குறைவும் வரும், புகையும் வரும், 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தமும் வரும். இங்கே சென்சாரை எத்தனை தடவை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

ஆசான் பட்டறையில் ஒரு மணி நேரம்

வண்டியை விற்கத் தரகரிடம் பேசிவிட்ட நிலையில், கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தக்கலைப் பக்கம் உள்ள ஒரு பட்டறைக்குப் போனோம். ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக். அங்கே எல்லோரும் அவரை 'ஆசான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான் உடனே, "ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டோம். பி0101 காட்டுது" என்றேன்.

"கோடு காட்டுது, செரி. ஏன் காட்டுதுன்னு பாக்கண்டாமா?" என்று கேட்டுவிட்டு, ஸ்கேனரை எடுக்காமல் ஒரு டார்ச்சை எடுத்தார்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்தார். கிளாம்ப்களை அசைத்துப் பார்த்தார். பிறகு இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைப் பிடித்து ஆட்டினார். ஒரு ஓரம் 'டக் டக்' என்று ஆடியது. மூடியைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப்களில் ஒன்று உடைந்திருந்தது. இன்னொன்று சரியாக மாட்டப்படவே இல்லை.

மூடியைத் திறந்தார். ஃபில்டரின் மேல்பக்கம், அதாவது சுத்தமான காற்று மட்டும் இருக்க வேண்டிய பக்கம், செம்மண் தூசு மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. விரலை வைத்தால் விரல் அடையாளம் விழுந்தது.

"இதாக்கும் வண்டிக்க நோய்" என்றார். "ஃபில்டரைச் சுத்தி காத்து உள்ள போவுது. தூசு நேரா சென்சார்ல போய் அடிச்சிருக்கு. நீங்க புதுசு ஒண்ணு இல்ல, பத்து மாத்தினாலும் அதுவும் இப்பிடித்தான் ஆவும்."

அப்பா கடைசியாக ஃபில்டர் மாற்றியது நான்கைந்து மாதத்துக்கு முன்னால். அப்போது யாரோ அவசரத்தில் மூடியை அழுத்தி உடைத்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் திறந்தும் பார்க்கவில்லை.

டிக்கியில் கிடந்த எங்கள் பழைய சென்சாரைக் கேட்டு வாங்கினார். அதற்கென உள்ள ஸ்பிரேயால் கழுவினார். காய வைத்தார். உடைந்த கிளிப்புக்குப் பதில் பழைய பெட்டி ஒன்றிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து மாட்டினார். புது ஃபில்டர் போட்டார். மலிவு சென்சாரை என் கையில் கொடுத்து, "இதைக் கொண்டு கண்ணாடி அலமாரில வச்சுக்கோ மக்கா" என்றார்.

ஃபில்டர், ஸ்பிரே, கூலி எல்லாம் சேர்த்தும் மலிவு சென்சாருக்குக் கொடுத்த பணத்தைத் தாண்டவில்லை.

அவர் போன வழியில் நீங்களும் போகலாம்

ஆசான் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. செலவில்லாததை முதலில், செலவு உள்ளதைக் கடைசியில் பார்த்தார். அந்த வரிசை இதுதான்.

1. ஏர் ஃபில்டர் பெட்டி: மூடியின் எல்லா கிளிப்பும் இறுக்கமாக இருக்கிறதா? ஃபில்டர் சரியான அளவா, ஓரத்து ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? ஃபில்டருக்கு அந்தப் பக்கம் தூசு இருந்தால் அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், தோப்பு வீடுகளில் இது சகஜம்.

2. ஹோஸ், கிளாம்ப்: ஃபில்டர் பெட்டியில் இருந்து இன்ஜின் வரை போகும் குழாய்களில் வெடிப்பு, கிழிசல் இருக்கிறதா? மேலே நன்றாகவும் அடியில் கிழிந்தும் இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு கையை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள்.

3. வயர், கனெக்டர்: சென்சாரில் செருகும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்களில் பச்சை பூத்திருக்கிறதா? வயர் எங்காவது கடிபட்டிருக்கிறதா? பூட்டை அழுத்திக் கழற்ற வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

4. கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது: இன்ஜினை ஆஃப் செய்து, கனெக்டரைக் கழற்றி, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். செக் இன்ஜின் லைட் எரியும், பயப்பட வேண்டாம். பல கார்களில் ஈசியூ அப்போது தன்னிடம் உள்ள ஒரு பொதுக் கணக்கை வைத்து ஓட்டும். கூட்டமில்லாத ரோட்டில் மெதுவாக ஒரு சுற்று போங்கள். கழற்றிய பிறகு வண்டி முன்பைவிட நன்றாக ஓடினால் சந்தேகம் சென்சார் மேல் உறுதியாகிறது. மாற்றமே இல்லையென்றால் வேறு இடத்தில் தேடுங்கள். சில கார்களில் கழற்றினால் ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம், அதையும் மனதில் வையுங்கள்.

5. கழுவிப் பார்ப்பது.

6. இதெல்லாம் முடிந்த பிறகுதான் புது சென்சார். வாங்கினால் பழைய சென்சாரின் மேல் உள்ள பார்ட் நம்பரைப் பார்த்து அதையே வாங்குங்கள்.

கழுவும்போது செய்யக் கூடாதவை

இந்த ஒரு வேலையில்தான் நல்ல சென்சார்கள் பலவும் சாகின்றன. உள்ளே இருக்கும் கம்பி தலைமுடியைப் போல மெல்லியது. ஆசான் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான், "தொடாத மக்கா, தொடாத!"

துணியால் துடைக்கக் கூடாது. காது குடையும் பட்ஸால் தொடக் கூடாது. கம்ப்ரஸர் காற்றை அடிக்கக் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் வேண்டாம். பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர் ஆகியவையும் வேண்டாம். அவை பிளாஸ்டிக்கையும் மேல்பூச்சையும் பாதிக்கலாம். கடையில் 'மாஃப் சென்சார் கிளீனர்' என்றே கேட்டு வாங்குங்கள். காய்ந்ததும் எதையும் மிச்சம் வைக்காத திரவம் அது.

சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறட்டும். சென்சாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். பலவற்றில் நட்சத்திர வடிவத் தலை இருக்கும். அதற்கான பிட் இல்லாமல் முரட்டுத்தனமாகத் திருகினால் தலை தேய்ந்துவிடும். வெளியே எடுத்த சென்சாரை ஓரமாகப் பிடித்து, கொஞ்சம் தள்ளி வைத்து, பத்துப் பதினைந்து முறை சின்னச் சின்னதாக ஸ்பிரே செய்யுங்கள். பிறகு அரை மணி நேரமாவது தானாகக் காயட்டும். வெயிலில் வைத்து அவசரப்படுத்த வேண்டாம். இந்த ஸ்பிரே சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, சிகரெட், ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

திரும்ப மாட்டும்போது சென்சார் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். காற்று போகும் திசை அது.

இந்த வேலையைச் செய்ய மனசுக்குத் தைரியம் இல்லையென்றால் மெக்கானிக்கிடமே கொடுங்கள். ஆனால், பக்கத்தில் நின்று பாருங்கள்.

போனில் பார்க்க முடியுமா?

முடியும். இந்தியாவில் பிஎஸ்-4 கார்களில் 2010 முதல் படிப்படியாக ஓபிடி என்ற சுயபரிசோதனை அமைப்பு கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால் பக்கம், 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஆன்லைனில் கிடைக்கும் சிறிய புளூடூத் கருவியை அதில் செருகினால், போனில் ஆப் மூலம் கோடுகளையும் நேரடி எண்களையும் பார்க்கலாம். மிகப் பழைய கார்களில் எல்லா எண்ணும் கிடைக்காது.

மூன்று கோடுகளை நினைவில் வையுங்கள். பி0101 என்றால் காற்றின் அளவு நம்பும்படி இல்லை என்று அர்த்தம். பி0102 என்றால் சிக்னல் மிகக் குறைவு. பி0103 என்றால் சிக்னல் மிக அதிகம். பின் இரண்டும் வந்தால் முதலில் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். மூன்றில் எதுவும் 'சென்சாரை மாற்று' என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பக்கம் போய்ப் பார் என்று மட்டும்தான் சொல்கின்றன. கோடு என்பது விலாசம். அங்கே போய்க் கதவைத் தட்டுவது நம் வேலை.

எண்களையும் பார்க்கலாம். ஆப்பில் காற்றின் அளவு நொடிக்கு இத்தனை கிராம் என்று வரும். சிறிய பெட்ரோல் காரில் ஐடிலிங்கில் பொதுவாக 2 முதல் 4 கிராம் வரை இருக்கும். டீசலில் கணக்கு வேறு. உதாரணமாக, 1.25 லிட்டர் கொள்ளளவு உள்ள இன்ஜின் நிமிஷத்துக்கு 850 முறை சுற்றுகிறது என்று வையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அந்த 1.25 லிட்டரும் நிரம்பும். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 530 லிட்டர். ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். அப்படியென்றால் நொடிக்கு 10 கிராமைச் சுற்றி வரும். புகையைத் திரும்ப உள்ளே விடும் ஈஜிஆர் வால்வு திறந்திருந்தால் இது பாதியளவுக்குக்கூடக் குறையும், அது தப்பில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எண் தடங்கலில்லாமல் ஏறி, விட்டதும் இறங்க வேண்டும். மிதித்தும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றாலோ, காரணமில்லாமல் குதித்தாலோ சந்தேகப்படலாம்.

நம்ம ஊர்க் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும்போது தோவாளையில் இருந்து முப்பந்தல் வரை ரோட்டோரத் தூசு அப்படியே எழும்பும். கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு ஓடும் லாரிகளுக்குப் பின்னால் போகிறவர்களுக்கு அந்தத் தூசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று கனெக்டர் பின்களைப் பச்சையாக்கும். மேற்கே தோட்டப் பகுதிகளில் ஈரமும் எலியும்.

காரோடு வரும் கையேட்டில் ஏர் ஃபில்டரை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்று போட்டிருக்கும். கூடவே, தூசு நிறைந்த இடத்தில் ஓட்டினால் அதற்கு முன்பே பார் என்றும் இருக்கும். அந்த இரண்டாவது வரிதான் நமக்கானது. காற்றுக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. யார் ஃபில்டரை மாற்றினாலும் மூடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

இழுக்காத வண்டியை மட்டும் "பழைய வண்டி அப்படித்தான்" என்று ஓட்டாதீர்கள். ஏற்றத்தில் மெதுவாகப் போவதோடு அது நிற்காது. ஓவர்டேக் செய்யும்போது நம் கணக்கும் வண்டியின் கணக்கும் வேறு வேறாகிவிடும். அன்று எங்களுக்கு முன்னால் போன லாரி டிரைவர் பிரேக் போடாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

போன வாரம் ஆச்சியை மறுபடியும் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம். அதே ரோடு. அதேபோல ஒரு லாரி. அப்பா ஹார்ன் அடித்து வலது பக்கம் ஏறினார். டர்போ சத்தம் வந்தது. லாரி பின்னால் போனது. நான் மூச்சை விட்டேன்.

ஆச்சி மட்டும் பின்சீட்டில் இருந்து, "இப்ப என்னத்துக்கு இம்புட்டு அவசரம்?" என்று கேட்டாள். அப்பா வேகத்தைக் குறைத்தார்.

ஆர்.சி-யைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கிவிட்டது. தரகருக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.